இடையில் கழிந்த ஆண்டுகள்

வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்து ஊர்களில் ‘மிலிட்டரிக்காரர் வீடு’ என்று ஒரு வீட்டைக் காட்டினால், அதன் பரணில் கறுப்பு வண்ணம் பூசிய இரும்பு டிரங்குப் பெட்டி ஒன்று இருக்கிறது என்று உள்ளே போகாமலே சொல்லிவிடலாம். மூடியின்மேல் வெள்ளைப் பெயின்டில் நீண்டதொரு எண், அதன்கீழ் பெயர், அதற்கும்கீழ் படைப்பிரிவு. திறந்தால் முதலில் எழுவது அந்துருண்டை வாசனை. அடியில் முரட்டுக் கம்பளிச் சட்டை, மடிப்புக் கலையாத சீருடை, களிம்பு ஏறிக் கறுத்த பித்தளைப் பொத்தான்கள், மூடி நசுங்கிய மெஸ் டின், ஓரம் பழுப்பேறிய டிஸ்சார்ஜ் புத்தகம். பேரப்பிள்ளைகளுக்கு இன்று அது ஒரு வேடிக்கைப் பெட்டி. தாத்தா எந்த மலையில் நின்றார், எவ்வளவு குளிர் என்ற கதைகளுக்கு முன்னுரையாக அதை இறக்கி வைப்பார்கள். கதை முடிந்ததும் மறுபடி ஏற்றிவிடுவார்கள்.

ஆனால் அந்தப் பெட்டி முதன்முதலில் பரணேறிய காலத்தில் அது வேடிக்கைப் பொருளாக ஏறவில்லை. 1960களின் தொடக்கத்தில் காலாட்படைச் சிப்பாய்க்கு ‘கலர் சர்வீஸ்’ எனப்பட்ட நேரடிப் பணி 7 ஆண்டுகள்தான். அதற்குப்பின் 8 ஆண்டுகள் அவர் ‘ரிசர்விஸ்ட்’. ஊரில் ஏர் பிடிக்கலாம், மளிகை வைக்கலாம், மில்லில் சேரலாம். அவ்வப்போது பயிற்சிக்குப் போய்வர வேண்டும். போர் மூண்டால் கூப்பிட்ட இடத்தில் போய் நிற்க வேண்டும். 1965லும் 1971லும் அப்படிப் போனவர்கள் உண்டு. தந்திச் சேவகன் தெருமுனையில் தெரிந்தாலே யார் வீட்டில் சாவோ என்று பெண்கள் வாசலுக்கு வந்துவிடும் காலம் அது. ரிசர்விஸ்ட் வீட்டுக்கு மட்டும் தந்தி வேறொரு சேதியும் கொண்டுவரக்கூடும். அறுவடையை மைத்துனனிடம் ஒப்படைத்துவிட்டு, கடைச் சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு ரயிலேறுவது அன்றைய குடும்ப வாழ்க்கையின் ஏற்கப்பட்ட நிகழ்வுகளில் ஒன்று. 1970களின் நடுவில் நேரடிப் பணி 15 ஆண்டுகளாக நீண்டது; சில ஆண்டுகளில் 17 ஆயிற்று. காத்திருப்புக் காலம் பெயரளவுக்குச் சுருங்கியது. 2013 ஜூலையில் தந்திச் சேவையே நின்றது. ஊருக்கு வந்தவர் ஊரோடு தங்கிவிட்டார் என்பது இயல்பாகிப் போனது. திரும்பிப் போவது என்பதையே இப்போது நாம் சற்று வியப்போடுதான் கேட்கிறோம்.

அந்த வியப்புக்குள் ஒரு தவறான எண்ணம் மறைந்திருக்கிறது. ராணுவ வாழ்க்கையை ஒரு தொடர் என்றும், அதை விட்டு வெளியே கழித்த ஆண்டுகளை அந்தத் தொடரில் விழுந்த ஓட்டை என்றும் நினைக்கிறோம். பத்தாண்டு கழித்துத் திரும்புகிறவரைப் பற்றிக் கேட்கப்படும் கேள்விகள் எல்லாம் இழப்பைப் பற்றியவை: எவ்வளவு மறந்திருப்பார், உடம்பு எவ்வளவு தளர்ந்திருக்கும், புதிய ஆயுதங்களைப் பிடிக்கத் தெரியுமா? உழவர்கள் ஒரு போகம் தரிசு விட்ட வயலைப் பாழ் என்று சொல்வதில்லை. அடுத்த விளைச்சலுக்கு அந்த ஓய்விலும் பங்குண்டு என்று அவர்களுக்குத் தெரியும். படைக்குத் திரும்பும் மனிதரின் இடைக்காலத்தையும் அப்படித்தான் கணக்கிட வேண்டும் என்பது என் கருத்து. வெளியே கழிந்த ஆண்டுகளில் அவர் குடிமக்களோடு குடிமகனாக வாழ்ந்து, தோற்று, கடன்பட்டு, பேரம் பேசி, பிள்ளை வளர்த்திருக்கிறார். பாசறைக்குள்ளேயே இருக்கும் ஒருவருக்கு இந்தப் படிப்பு கிடைப்பதில்லை. அதைக் கேட்டறிந்து பயன்படுத்திய படைகள் லாபம் அடைந்திருக்கின்றன. கேட்காத படைகள் அவரையும் வீணாக்கின, தம்மையும் குறைத்துக்கொண்டன.

இதற்கு வரலாற்றில் ஆழமான சான்று அமெரிக்க உள்நாட்டுப் போரில் கிடைக்கிறது. யுலிசிஸ் கிராண்ட் 1843இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் தேறியவர். மெக்சிகோ போரில் தன் ரெஜிமென்டின் தளவாடப் பொறுப்பை ஏற்று, கோவேறு கழுதைகளையும் மாவு மூட்டைகளையும் கணக்குப் பார்த்தவர். 1854இல் குடும்பத்தை விட்டுத் தொலைவில், கலிபோர்னியக் கடற்கரைக் கோட்டையொன்றில் கேப்டனாக இருந்தபோது பதவி விலகினார். அடுத்த 7 ஆண்டுகள் தொட்டதெல்லாம் நஷ்டம். செயின்ட் லூயிஸ் நகருக்கு வெளியே விவசாயம் செய்தார். விறகு வெட்டி வண்டியில் ஏற்றி நகரத் தெருக்களில் விற்றார். வாடகை வசூலிக்கும் தொழிலில் இறங்கி அதிலும் தேறவில்லை. 1860இல் இல்லினாய் மாநிலத்தின் கலீனா ஊரில், தம்பிகள் நடத்திவந்த தந்தையின் தோல்பொருள் கடையில் வந்து உட்கார்ந்தார். 1861 ஏப்ரலில் போர் மூண்டதும், தன் கல்விக்கு அரசு செலவழித்திருக்கிறது, அந்தக் கடனைத் தீர்க்க வேண்டும் என்று தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. போர் முடிந்து பல காலம் கழித்து அந்தக் கடிதம், கோப்பில் சேர்க்கப்படாமலே, ஏதோ ஒரு மூலையில் கிடந்ததைக் கண்டெடுத்தார்கள். சின்சினாட்டியில் ஜெனரல் மெக்கிளெலனைப் பார்க்கப் போய் 2 நாள் அலுவலக வாசலில் காத்திருந்தார், உள்ளே கூப்பிடவில்லை. மாநில ஆளுநரின் அலுவலகத்தில் படிவங்களை நிரப்பும் வேலைதான் முதலில் கிடைத்தது. ஜூனில், யாருக்கும் அடங்காத ஒரு தொண்டர் படைக்கு, 21ஆம் இல்லினாய் ரெஜிமென்டுக்கு, கர்னலாக அனுப்பினார்கள். 1864 மார்ச்சில் அவர்தான் வடக்கின் ஒன்றியப் படைகள் அனைத்துக்கும் தலைவர்.

இந்த ஏற்றத்துக்கு அவருடைய தோல்வி ஆண்டுகள் என்ன கொடுத்தன என்று பார்க்க வேண்டும். அந்த ரெஜிமென்டில் இருந்தவர்கள் கூலிக்குச் சேர்ந்த நிரந்தரச் சிப்பாய்கள் அல்லர். பண்ணைக்காரர்கள், கடைப் பையன்கள், பள்ளி ஆசிரியர்கள். நேற்றுவரை கிராண்ட் அவர்களில் ஒருவராகத்தான் கவுன்டருக்குப் பின்னால் நின்றார். அவர்களில் பெரும்பாலோர் ஒழுங்கை விரும்புகிறவர்களே, அதை நிலைநாட்ட ஒருவர் வேண்டும், அவ்வளவுதான் என்று அவருக்குப் புரிந்தது. அடுத்த முகாமுக்கு ரயிலில் ஏற்றாமல் நடத்தியே கூட்டிப் போனார், நடையே பயிற்சியாயிற்று. மரணப் படுக்கையில், தொண்டைப் புற்றுநோயின் வேதனைக்கிடையே எழுதிய நினைவுக் குறிப்புகளில் அவர் ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்கிறார்: கல்லூரியை விட்டபின் போர்முறை நூல் எதையும் அவர் திறந்துகூடப் பார்த்ததில்லை. இடையில் புதிய நூல் வந்து, பழைய முறை மாறிவிட்டிருந்தது. அதை வாங்கி முதல் பாடத்தைப் படித்தார். பழையதன்மீது பொதுஅறிவைச் சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவே என்று கண்டுகொண்டு அணிவகுப்பை நடத்தினார். தளவாட அறிவு முந்தைய ராணுவப் பணியில் கிடைத்ததுதானே, அதில் விறகு விற்றதற்கு என்ன பங்கு என்று கேட்கலாம். சரியான கேள்வி. கழுதையும் மாவும் மெக்சிகோவில் கற்றவைதான். ஆனால் கையில் காசில்லாதவர்கள், வீட்டுக் கடிதத்துக்காக ஏங்குகிறவர்கள், தலைமை தங்களை மதிக்கிறதா என்று உற்றுப் பார்க்கிறவர்கள் ஆகிய மனிதர்களை எப்படி நடத்துவது என்பதை மெக்சிகோ கற்றுக் கொடுக்கவில்லை.

கிராண்டின் நண்பரான ஷெர்மனின் கதையும் இதே பாதையில்தான் போகிறது. 1853இல் ராணுவத்தை விட்டு சான் பிரான்சிஸ்கோவில் வங்கி நடத்தினார். பிறகு கான்சாஸில் வழக்கறிஞர். 1859 முதல் தெற்கே லூசியானாவில் ஒரு ராணுவக் கல்விக்கூடத்தின் தலைவர். மாநிலம் ஒன்றியத்தைவிட்டு விலகியதும் அதைத் துறந்து, செயின்ட் லூயிஸில் டிராம் கம்பெனியின் தலைவராகச் சில மாதங்கள். தெற்கத்தியரோடு வாழ்ந்ததால் அவர்களுடைய துணிச்சலும் தெரியும், தொழிற்சாலையில்லாத அவர்களுடைய பொருளாதாரமும் தெரியும். இயந்திரம் செய்யத் தெரிந்த நாட்டோடு மோதப் போகிறீர்கள் என்று லூசியானாவில் அவர் எச்சரித்ததை உடன் பணியாற்றிய ஒருவர் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். 1864இல் ஜார்ஜியா வழியாக அவர் நடத்திய படையெடுப்பு எதிரியின் சேனையைவிட ரயில் பாதைகளையும் களஞ்சியங்களையும் குறிவைத்தது என்றால், அந்தக் கணக்கில் பழைய வங்கியாளரின் கண் இருக்கிறது. இங்கே ஒரு மறுப்பு எழும். கிராண்டை வாசலில் காக்கவைத்த அதே மெக்கிளெலனும் இடையில் ராணுவத்தை விட்டுப்போய்த் திரும்பியவர்தான். 1857இல் விலகி ரயில்வே கம்பெனியில் தலைமைப் பொறியாளராகவும் அதிகாரியாகவும் இருந்தவர். அவர் ஏன் தயங்கித் தயங்கிப் போரிட்டார்? வெளியே வாழ்ந்தவர் எல்லாரும் சிறந்த தளபதி ஆவார் என்று நான் வாதாடவில்லை. மெக்கிளெலனும் தன் இடைக்காலத்தைக் கூடவே கொண்டுவந்தார். குலைந்து கிடந்த படையை ஒரு நல்ல ரயில்வே நிர்வாகி செய்வதுபோலச் சீராக அமைத்துக் கொடுத்தார். முதலீட்டை ஆபத்தில் இறக்கத் தயங்கும் நிர்வாகியின் மனத்தையும் சேர்த்தே கொண்டுவந்தார். ஷெர்மன், மெக்கிளெலன் இருவர் விஷயத்திலும் வெளி ஆண்டுகள் வெறுமையாக இல்லை. என்ன கொண்டுவருகிறார் என்று முன்கூட்டியே கேட்டிருந்தால், எந்த வேலைக்கு எவர் என்பதாவது விரைவில் தெரிந்திருக்கும்.

அடுத்த தடை உடம்பு. நாற்பது வயதில் முழங்கால் இருபதைப்போல மடங்காது; இதை மறுப்பதில் பொருளில்லை. ஆனால் படையின் வேலை முழுவதும் முழங்காலால் நடப்பதுமில்லை. 1940 மே மாதத்தில் பிரிட்டனில் உள்ளூர்ப் பாதுகாப்புத் தொண்டர்களுக்கு வானொலியில் அழைப்பு விடுத்தபோது, ஒரு வாரத்துக்குள் சுமார் இரண்டரை லட்சம் பேர் பெயர் கொடுத்தார்கள். முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளைப் பார்த்தவர்கள் அவர்களில் ஏராளம். துப்பாக்கி இல்லாமல் துடைப்பக் கட்டையை வைத்து அணிவகுத்த அந்தக் கிழவர்களைப் பற்றிப் பிறகு தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரே வந்தது. சிரிப்பில் நியாயம் உண்டு. ஆயினும் பாலங்களையும் தொழிற்சாலைகளையும் கடற்கரையையும் அவர்கள் காத்ததால்தான், இளைஞர்களைப் பயிற்சிக்கும் போர்முனைக்கும் விடுவிக்க முடிந்தது. தொழில்நுட்பத்தைப் பற்றிய பயத்துக்கும் பதில் உண்டு. டெட் வில்லியம்ஸ் அமெரிக்காவின் புகழ்பெற்ற பேஸ்பால் மட்டையாளர். இரண்டாம் உலகப்போரில் விமானம் ஓட்டக் கற்று, மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்து, 1946இல் மைதானத்துக்குத் திரும்பியவர். 1952இல் அவரை மறுபடி கூப்பிட்டார்கள். முன்பு ஓட்டியவை சுழல்விசிறி விமானங்கள். இப்போது கொடுத்தது ஜெட். பயிற்சிக்குப்பின் கொரியாவில் 39 போர்ப் பறப்புகளில் பங்கேற்றார். 1953 பிப்ரவரியில் அடிபட்டு எரியும் விமானத்தைச் சக்கரம் இறங்காமலே தரையிறக்கித் தப்பினார். கருவி மாறுவது கடினம்தான்; ஆனால் அபாயத்தில் கை நடுங்காமல் இருக்க ஒருமுறை கற்றவருக்குப் புதிய கருவியைக் கற்பிப்பது, இரண்டையுமே கற்காதவருக்குக் கற்பிப்பதைவிட எளிது.

உடம்பைவிடக் கடினமான தடை மரியாதை. வெளியே பத்துப்பேரை வேலை வாங்கியவர், உள்ளே போய்த் தன் மகன் வயதுள்ள லெப்டினன்ட் முன் விறைத்து நிற்க வேண்டும். ஒரு பக்கம் திரும்பி வருகிறவரின் தன்மானம். மறுபக்கம், ‘இந்தப் பழைய ஆள் எதற்கு’ என்று உள்ளே இருப்பவர்களின் முணுமுணுப்பு. 1916 ஜனவரியில் வின்ஸ்டன் சர்ச்சில் இந்த முணுமுணுப்பைச் சந்தித்தார். 1899இல் நிரந்தர ராணுவத்தை விட்டவர். போயர் போருக்குப்பின் பகுதிநேரக் குதிரைப்படையோடு வைத்திருந்த தொடர்பைத் தவிர முழுநேர அரசியல்வாதி. அமைச்சர் பதவி போன நிலையில், பெல்ஜிய எல்லையில் 6ஆம் ராயல் ஸ்காட்ஸ் ஃப்யூசிலியர்ஸ் பட்டாலியனுக்குத் தலைமையேற்க வந்தார். லூஸ் சண்டையில் பெரும் உயிர்ச்சேதம் கண்ட அந்தப் படையினர் அவரை விரும்பவில்லை. அதிகாரிகளைக் கூட்டி முதலில் அவர் போர் அறிவித்தது ஜெர்மானியர்மீதல்ல, பேன்மீது. பேன் ஒழிப்பைப் பற்றி நீளமாகப் பேசி, துணிகளை வேகவைக்க ஏற்பாடு செய்து, சில நாளில் பட்டாலியனைச் சுத்தமாக்கினார். உடனிருந்த கேப்டன் கிப் பிறகு எழுதிய நூலில் அந்த வெறுப்பு எப்படி மதிப்பாக மாறியது என்று விவரிக்கிறார். சிப்பாயின் அன்றாட அரிப்பைத் தலைமைப் பிரச்சினையாகப் பார்க்கும் கண், அலுவலகங்களை நடத்தியவருக்கும், தொகுதி மக்களின் குறை கேட்டவருக்கும் வருவது இயல்பு. சர்ச்சில் பெரிய இடத்துப் பிள்ளை, அவருக்குத் தலைமைப் பதவியே கிடைத்தது, சாதாரணச் சிப்பாய்க்கு இது பொருந்துமா என்று கேட்பது நியாயம். பொருந்தும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது.

முசூரி மலைகளைச் சுண்ணாம்புக்கல் குவாரிகள் தோல் உரித்துவிட்டிருந்த காலம். மரமும் மண்ணும் போய், மலையின் எலும்பு வெளியே தெரிந்தது. மழைக்காலத்தில் சரிந்த கல்லும் சேறும் ஓடைகளை அடைத்தன. 1982இல் பிரதேச ராணுவத்தின்கீழ் 127ஆம் சுற்றுச்சூழல் பட்டாலியன் அங்கே தொடங்கப்பட்டது. அதில் சேர்க்கப்பட்டவர்கள் ஓய்வுபெற்று ஊர் திரும்பியிருந்த கட்வால் சிப்பாய்கள். சீருடை, விசில், அணிவகுப்பு எல்லாம் பழையபடி. கையில் மட்டும் கடப்பாரையும் மரக்கன்றும். அந்த மலைச் சரிவுகளில் ஆடு மேய்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். எந்த மரம் எந்த முகட்டில் பிடிக்கும், எந்த மாதம் குழி வெட்ட வேண்டும், எந்த ஊர்க்காரர்களிடம் பேசினால் மேய்ச்சலைக் கொஞ்ச காலம் நிறுத்திவைப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். ஒழுங்கு ராணுவம் தந்தது. அறிவு ஊர் தந்தது. தொடர்ந்து ராஜஸ்தானின் கால்வாய்க் கரைகளிலும் இதுபோன்ற பட்டாலியன்கள் வந்தன. பிரதேச ராணுவம் என்ற அமைப்பே இந்தக் கருத்தின்மேல்தான் நிற்கிறது. 1949 அக்டோபர் 9 அன்று கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி அதைத் தொடங்கி வைத்தார். சொந்தத் தொழில் ஒன்று கையில் உள்ளவர்களே அதில் சேரலாம் என்பது விதி. வேலையற்றவர்களுக்கு வேலை தரும் இடமல்ல அது. ஆண்டில் சில வாரம் சீருடை, மற்ற நாளெல்லாம் கடையோ அலுவலகமோ வயலோ. கோவையில் இருக்கும் மதராஸ் பட்டாலியன் அதன் தமிழகக் கிளைகளில் ஒன்று. 2025 மே மாதத்தில் பாகிஸ்தானோடு பதற்றம் முற்றியபோது, 32 காலாட்படைப் பட்டாலியன்களில் 14ஐ அழைத்துக்கொள்ளத் தளபதிக்கு அரசு அதிகாரம் தந்தது. இரண்டு வாழ்க்கை வாழும் மனிதர் அரசுக்குப் பயன்படுகிறார் என்பது, ஆக, அரசே ஏற்றுக்கொண்ட உண்மை.

இதற்குமேலும் ஒரு கடும் மறுப்பு இருக்கிறது. அதை நான் எளிதில் தள்ளமாட்டேன். திரும்பி வருகிறவரைப் புகழ்வது, ஒரே மனிதனை இரண்டுமுறை பலிகேட்பதற்கு அலங்காரம் ஆகிவிடாதா? 1950இல் கொரியப் போர் வெடித்தபோது அமெரிக்கா செய்தது அதைத்தான். மாதந்தோறும் பயிற்சிக்கு வந்து ஊதியம் பெற்ற ரிசர்வ் படையினர் பலர் காத்திருக்க, பயிற்சியும் ஊதியமும் இன்றிப் பெயரளவில் பட்டியலில் இருந்த இரண்டாம் உலகப்போர்க்காரர்களை முதலில் இழுத்தார்கள். படிப்பை முடித்து, வீடு கட்டி, பிள்ளை பெற்று, அப்போதுதான் நிமிர்ந்தவர்கள் அவர்கள். ஒரு போரும் பார்க்காத அண்டைவீட்டு இளைஞன் ஊரில் இருக்க, ஒரு போரை முடித்தவனுக்கு இரண்டாவது ஓலை. டெட் வில்லியம்ஸே அந்த அழைப்பைக் கசப்போடுதான் ஏற்றார். அதை வெளிப்படையாகச் சொல்லவும் செய்தார். நாட்டில் எழுந்த ஆத்திரத்தின் விளைவாக 1952இல் ரிசர்வ் படைச் சட்டம் வந்தது; யார் உடனே அழைக்கப்படலாம், யார் கடைசியில் மட்டும் என்று பிரிவுகள் வகுக்கப்பட்டன. இந்த நிகழ்வு என் வாதத்தைக் குலைக்கவில்லை. அதற்கு வரம்பு போடுகிறது. இடைப்பட்ட ஆண்டுகளை வெறும் ஓட்டையாகக் கண்டதால்தான் அந்த மனிதர்களை அலமாரியில் வைத்த பொருளைப்போல எடுத்தார்கள். அந்த ஆண்டுகளில் ஒரு முழு வாழ்க்கை இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிற அரசு, அதைக் கலைப்பதற்கு விலையும் கொடுக்க வேண்டும், முன்னறிவிப்பும் கொடுக்க வேண்டும், சம்மதமும் கேட்க வேண்டும்.

இன்னொரு வரம்பும் உண்டு. திரும்பி வரும் கிழவரைத் தெய்வமாக்கும் ஆபத்து. 1911இல் ஓய்வுபெற்று ஹானோவரில் இருந்த ஜெர்மன் ஜெனரல் ஹிண்டன்பர்க்கை, 1914 ஆகஸ்டில், 66 வயதில் கிழக்கு முனைக்கு அழைத்தார்கள். டானன்பர்க் வெற்றி சில நாளில் வந்தது. அதன் திட்டத்தில் அவருடன் இருந்த அதிகாரிகள் லூடன்டார்ஃபுக்கும் ஹாஃப்மனுக்கும் இருந்த பங்கு பெரிது. மக்களோ ஆடாத அசையாத அந்த முதியவரின் முகத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் புகழ் 1925இல் அவரைக் குடியரசுத் தலைவராக்கியது. 1933இல் ஹிட்லரைச் சான்சலராக நியமித்த கையெழுத்து அவருடையது. திரும்பியவர் என்பதாலேயே ஒருவரிடம் பழைய பொற்காலம் திரும்பிவிட்டதாக நம்பும் நாடு ஏமாறும். மதிக்க வேண்டியது அவர் வெளியே கற்றதை. வயதின் வெளிச்சத்தை அல்ல. கற்றது என்ன என்று ஆராய்ந்து பார்க்கும் பழக்கமே வழிபாட்டுக்கு நல்ல மாற்று.

நம் நாட்டில் இந்த ஆராய்ச்சி போதாது. ஓய்வுபெற்ற ராணுவத்தினர் மீண்டும் சீருடை அணியும் பெரிய வாசல் டி.எஸ்.சி. எனப்படும் பாதுகாப்புப் படைப்பிரிவு. 1947இல் தொடங்கியது, அதன் மையம் கண்ணூரில் இருக்கிறது. நாயக்காகவும் ஹவில்தாராகவும் இருந்தவர்கள் அங்கே பெரும்பாலும் சிப்பாயாகவே மறுபடி தொடங்குகிறார்கள். ஆயுதக் கிடங்குகளையும் விமானதளங்களையும் காக்கிறார்கள். இரண்டாவது ஓய்வூதியத்துக்கு அங்கேயும் 15 ஆண்டுகள் வேண்டும். ஒரு சில மாதம் குறைந்தவர்கள் அதை மன்னித்துக் கணக்கிடக் கோரித் தீர்ப்பாயங்களிலும் நீதிமன்றங்களிலும் ஏறி இறங்கியிருக்கிறார்கள். ஊரில் இருந்த நாளில் எலெக்ட்ரீஷியனாகவோ, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவராகவோ, கூட்டுறவுச் சங்கச் செயலாளராகவோ அவர் ஆகியிருந்தால், கேட்டில் நிற்கும் அவருடைய பதிவேட்டில் அதற்கு இடமே இல்லாமல் போய்விடுகிறது. முன்பு ரிசர்விஸ்டுக்கு நேரடிப் பணி ஆண்டுகளையும் ஊரில் காத்திருந்த ஆண்டுகளையும் கூட்டி, 15 ஆண்டு என்று கணக்கிட்டு ஓய்வூதியம் தந்த அதே அரசு இது. ஊர் ஆண்டுகளும் சேவையே என்பதை ஒருகாலத்தில் அது பணமாகவே ஒத்துக்கொண்டிருந்தது.

இந்தக் கேள்வி வெறும் பழங்கணக்காக இருந்தால் விட்டுவிடலாம். 2022இல் வந்த அக்னிபத் திட்டம் அதைப் புதிதாக்கிவிட்டது. 4 ஆண்டுப் பணி; அதிகபட்சம் 25 சதவீதத்தினர் நிரந்தரமாகத் தொடரலாம்; மற்றவர்கள் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு, ஓய்வூதியம் இல்லாமல், இருபதுகளின் நடுவில் ஊர் திரும்ப வேண்டும். முதல் அணியினர் 2026 இறுதியில் அந்த 4 ஆண்டை முடிக்கத் தொடங்குகிறார்கள். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும், துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த, மலையில் உறைபனியில் நின்ற இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் செவிலியராக, மெக்கானிக்காக, மென்பொருளாளராக, உழவராக மாறுவார்கள். இந்தத் திட்டத்தை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் அவர்கள் வெளியே வந்தபின் என்ன வேலை கிடைக்கும் என்பதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அந்த வேலையில் பத்தாண்டு பழகியபின் அவர்களில் விரும்புகிறவர் எந்த வழியில், என்ன பதவியில், எந்த ஊதியக் கணக்கில் திரும்பலாம் என்பதைப் பற்றிப் பேச்சில்லை. செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. விரும்புவோர் பெயரை ஒரு பட்டியலில் வைத்து, ஆண்டுக்கொருமுறை, இப்போது என்ன தொழில், என்ன கற்றீர்கள், அழைத்தால் எவ்வளவு நாளில் வரமுடியும் என்று எழுதி வாங்க வேண்டும். திரும்பும் நாளில் அந்த ஏட்டைப் பார்த்துப் பணி கொடுக்க வேண்டும். இரண்டு பணிக்காலங்களையும் கூட்டி ஓய்வூதியம் கணக்கிட வேண்டும். ஒரு சிறிய அலுவலகமும் சில எழுத்தர்களும் இதற்குப் போதும். அமைதி நாளில் அந்த ஏட்டைத் திறந்து வைக்காத நாட்டில், போர் நாளில் கலீனாத் தோல்கடையிலிருந்து வரும் கடிதம் மறுபடியும் ஏதோ ஒரு மூலையில்தான் கிடக்கும். எல்லா நாட்டுக்கும், பதில் வராவிட்டாலும் விடாமல் அடுத்த வாசலைத் தட்டும் ஒரு கிராண்ட் கிடைத்துவிடுவார் என்று நம்ப முடியாது.